கறுப்பு மை பிரியும்போது காகிதத்துக்குள் என்ன நடக்கிறது?

மழை விடாத ஒரு நாளில் நாலு வயது மகளோடு வீட்டுக்குள் காகிதப் பட்டாம்பூச்சி செய்துகொண்டிருந்த வாசகர் ஒருவர் இரண்டு கேள்விகள் அனுப்பியிருக்கிறார். டிஷ்யூ பேப்பரில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் சின்ன வட்டம் போட்டு நடுவில் தண்ணீர் சொட்டியதும் நீலம், மஞ்சள், இளஞ்சிவப்பு எல்லாம் வெளியே ஓடி வந்தனவாம். "இதெல்லாம் இவ்வளவு நேரம் எங்கே இருந்தது என்று கேட்கிறாள், நான் என்ன சொல்ல?" என்பது முதல் கேள்வி. வேறொரு கறுப்புப் பேனாவில் செய்து பார்த்தால் மை அசையவே இல்லை, அது ஏன் என்பது இரண்டாவது.

இரண்டாவதை முதலில் முடித்துவிடலாம். சில பேனாக்களின் கறுப்பு, கரித்துகள். மிக நுண்ணிய கார்பன் பொடியைத் திரவத்தில் மிதக்கவிட்டிருப்பார்கள். அது தண்ணீரில் கரையாது. காகித நார்களுக்கு நடுவே சிக்கி அங்கேயே கிடக்கும். 'அழியாத' மார்க்கர்கள் இன்னொரு வகை. அவற்றின் சாயம் தண்ணீரைக் கண்டுகொள்ளாது, ஆல்கஹால் பட்டால் கரையும். குழந்தைகளுக்கான, துணியில் பட்டால் துவைத்துவிடலாம் என்று விற்கிற ஸ்கெட்ச் பேனாக்களில்தான் தண்ணீரில் நன்றாகக் கரையும் சாயங்கள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றின் கறுப்பு ஒரு கலவை. ஒவ்வொரு சாயமும் வெளிச்சத்தின் ஒரு பகுதியை விழுங்குகிறது. எல்லாம் சேர்ந்து மொத்தத்தையும் விழுங்கிவிட்டால் கண்ணுக்கு வந்து சேர எதுவும் மிச்சமில்லை, அதனால் கறுப்பு.

ஆக, நிறங்கள் எங்கேயும் ஒளிந்திருக்கவில்லை, ஒன்றோடொன்று கலந்திருந்தன, தண்ணீர் பிரித்துவிட்டது. நாலு வயதுக்கு இந்தப் பதில் போதும். பெரியவர்களுக்கு அடுத்த கேள்வி வரவேண்டும்: தண்ணீர் எதற்காகப் பிரிக்கிறது? எல்லாச் சாயமும் கரைந்திருப்பது ஒரே தண்ணீரில், ஓடுவது ஒரே காகிதத்தில். தண்ணீர் தள்ளிக்கொண்டு போகிறது என்றால் எல்லாவற்றையும் ஒன்றாகத்தானே தள்ளிக்கொண்டு போகவேண்டும்? "லேசான மூலக்கூறு வேகமாக ஓடும், கனமானது பின்தங்கும்" என்ற விளக்கம் செய்முறைக் குறிப்புகளில் அடிக்கடி வரும். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இங்கே நடப்பது அதுவல்ல.

முதலில் தண்ணீர் எப்படி ஏறுகிறது என்று ஒரு நிமிடம். காகிதம் என்பது செல்லுலோஸ் நார்களின் சிக்கல். செல்லுலோஸின் உடம்பு முழுக்க ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் தொகுதிகள். தண்ணீர் அவற்றோடு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கொள்ளும். நார்களுக்கு நடுவே இருக்கும் மெல்லிய இடுக்குகளில் இப்படித் தொற்றிக்கொண்டே தண்ணீர் முன்னேறுகிறது. பள்ளியில் படித்த தந்துகிக் கவர்ச்சிதான். ஒரு விஷயம் மட்டும் பாடப்புத்தகத்தில் இருக்காது. தண்ணீர் போகப் போகத் தளர்ந்துவிடும், ஏனென்றால் நனைந்த பாதை நீள நீள உராய்வும் கூடுகிறது. லூகாஸ், வாஷ்பர்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1918-லும் 1921-லும் தந்த கணக்குப்படி, இரண்டு மடங்கு தூரம் போக நாலு மடங்கு நேரம் ஆகும். ஒரு காகிதப் பட்டையின் நுனியைத் தண்ணீரில் நிறுத்தி, ஈரம் எட்டிய இடத்தில் ஒவ்வொரு நிமிடமும் பென்சிலால் ஒரு கோடு போடச் சொன்னால், கோடுகள் நெருங்கிக்கொண்டே வருவதைக் குழந்தையே கண்டுபிடித்துச் சொல்லும்.

இனி எனக்குப் பிடித்த இடம்.

காகிதத்தில் இருக்கும் ஒரு சாய மூலக்கூறுக்கு இரண்டே நிலைதான். ஒன்று, நகரும் தண்ணீரில் இருக்கும். இல்லையென்றால், நாரிலோ நாரை ஒட்டி நகராமல் நிற்கும் நீர்ப்படலத்திலோ மாட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரில் இருக்கும்போது தண்ணீரின் வேகம்தான் அதன் வேகம். எந்தச் சாயமாக இருந்தாலும் சரி, ஒரே வேகம். மாட்டிக்கொண்டிருக்கும்போது வேகம் பூஜ்யம். 'மெதுவாக நகரும் சாயம்' என்று நாம் பார்ப்பது உண்மையில் மெதுவாக நகர்வதே இல்லை! அது அடிக்கடி நிற்கிறது, அவ்வளவுதான்.

கடைத்தெருவில் ஒரே வேகத்தில் நடக்கும் இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் எப்போதாவது ஒரு கடையைப் பார்க்க நிற்பவர், மற்றவர் ஒவ்வொரு கடை வாசலிலும் நிற்பவர். தெருக்கோடியில் யார் முதலில் என்பதைக் கால்களின் வலு தீர்மானிக்கவில்லை. காகிதத்திலும் கதை இதுதான். ஆனால் அங்கே ஒவ்வொரு மூலக்கூறும் கணக்கில்லாத தடவை ஒட்டுகிறது, விடுபடுகிறது. ஒரு தடவை ஒட்டும்போது நீலத்துக்கும் சிவப்புக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றுமே இல்லாத அளவுக்குச் சின்னதாக இருக்கலாம். அது ஒவ்வொரு நிறுத்தத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, கடைசியில் கண்ணுக்குத் தெரியும் சில சென்டிமீட்டர் இடைவெளியாகிவிடுகிறது.

இதிலிருந்து வரும் ஒரு கணக்கு எனக்கு எப்போதும் அலுக்காதது. அதே மாதிரிப் பட்டையின் அடியில் பேனாவால் ஒரு கோடு போட்டு நிறுத்தினோம், அந்த மைக்கோட்டிலிருந்து தண்ணீர் 10 செ.மீ. ஏறியிருக்கிறது, நீலம் 8 செ.மீ. போயிருக்கிறது, சிவப்பு 3 செ.மீ.யில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நகரும்போது எல்லோருக்கும் ஒரே வேகம் என்பதால், நீலத்தின் மூலக்கூறுகள் சராசரியாகத் தங்கள் நேரத்தில் 80 சதவீதத்தைத் தண்ணீரில் கழித்திருக்கின்றன. சிவப்பு 30 சதவீதத்தைத்தான். மீதி 70-ம் நாரோடு. எந்த நுண்ணோக்கியும் இல்லாமல், பென்சில் பெட்டியில் கிடக்கும் அடிக்கோலை வைத்து, மூலக்கூறுகள் தங்கள் பொழுதை எப்படிக் கழித்தன என்று அளந்துவிட்டோம். வேதியியலில் இவ்வளவு மலிவாக இவ்வளவு ஆழம் காட்டும் சோதனை வேறு எனக்குத் தெரியவில்லை.

ஒரு நிறத்தின் எல்லா மூலக்கூறுகளும் ஒரே இடத்தில் வந்து சேர்வதில்லை. சிலவற்றுக்கு நிறுத்தம் குறைவு, சிலவற்றுக்கு அதிகம், எல்லாம் தற்செயல். அதனால் ஒவ்வொரு நிறத்தின் தடமும் போகப் போக அகலமாகிக் கலங்கும். அப்படியென்றால் நீளமான காகிதப் பட்டையில் எல்லாம் குழம்பிவிடாதா? குழம்பாது. தூரம் நாலு மடங்கானால் இரண்டு நிறங்களுக்கு இடையிலான இடைவெளி நாலு மடங்காகிறது. தற்செயலால் வரும் கலக்கம் சுமார் இரண்டு மடங்குதான் கூடுகிறது. நிதானமாக ஓடவிட்டால் ஒழுங்கு ஜெயிக்கும். எனவே சின்ன வட்டத்தைவிட நீளப் பட்டை மேல், அவசரம் கூடாது.

சரி, எது அதிகம் ஒட்டும்? சாய மூலக்கூறில் சல்ஃபோனேட் என்ற, மின்னேற்றமுள்ள கந்தகத் தொகுதிகள் நிறைய இருந்தால் அதற்குத் தண்ணீர்மேல் பிரியம், முன்னே ஓடும். நீளமாகத் தட்டையாக இருக்கும் மூலக்கூறு செல்லுலோஸ் நாரின்மேல் நீளவாக்கில் படிந்துகொண்டு எழுந்திருக்க மறுக்கும். பருத்தியும் செல்லுலோஸ்தான் என்பதை இங்கே நினைவில் வைத்தால் ஒரு வேடிக்கை தெரியும். 1884-ல் கண்டுபிடிக்கப்பட்ட காங்கோ ரெட் என்ற சாயம், சாயத்தைத் துணியில் பிடிக்கவைக்கும் நிறமூன்றி எதுவும் இல்லாமல் நேராகப் பருத்தியில் பிடித்ததால் புகழ்பெற்றது. அது இந்த நீளத் தட்டை ரகம். ஆகவே காகிதத்தில் பின்தங்கி நிற்கும் நிறம், பருத்திச் சட்டையில் பட்டாலும் போக அடம்பிடிக்கும் என்று ஊகிக்கலாம். பழைய துணி ஒன்றில் சோதித்துப் பார்க்கத் தகுந்த ஊகம் இது.

பருவத்துக்கும் இதில் பங்குண்டு. தண்ணீர் ஏறும்போதே காகிதத்தின் மேற்பரப்பிலிருந்து ஆவியாகிக்கொண்டும் இருக்கிறது. காற்று வறண்ட நாட்களில், கீழிருந்து வரும் தண்ணீரும் மேலே ஆவியாகிப் போகும் தண்ணீரும் சமமாகும் ஓர் உயரம் சீக்கிரமே வந்துவிடும். அதற்கு மேல் ஈரம் போகாது. தண்ணீர் மட்டும் பறந்துபோக, அது சுமந்து வந்த சாயம் அந்த விளிம்பில் குவிந்து அடர்த்தியான கோடாகிவிடும். மழைக்காலக் காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் ஆவியாதல் மந்தம், தண்ணீர் நெடுந்தூரம் போகும், நிறங்கள் விரிந்து பிரியும். வாசகரின் பட்டாம்பூச்சி அவ்வளவு நன்றாக வந்ததில் மழைக்கும் பங்கிருக்கலாம். அதே பேனா, அதே காகிதத்தை எடுத்துவைத்து வறண்ட காலத்தில் ஒருமுறை செய்து இரண்டையும் பக்கத்தில் ஒட்டிவைக்கலாம். ஆய்வகங்களில் இந்தச் சோதனையை மூடிய ஜாடிக்குள் செய்வதும் இதனால்தான். வீட்டில் ஒரு பெரிய கண்ணாடி பாட்டிலைக் கவிழ்த்தால் போதும், எந்தக் காலத்திலும் மழைக்காலம் கிடைத்துவிடும்.

இப்படி வண்ணம் பரவும் காகிதங்களில் மயங்கியவர்களில் ஜெர்மானிய வேதியியலாளர் ரூங்கே முக்கியமானவர். காஃபீனைப் பிரித்தெடுத்தவரும் அவரே. 1855-ல் அவர் வெளியிட்ட நூலின் ஒவ்வொரு பிரதியிலும் அசல் வண்ணக் கறைகளையே ஒட்டியிருந்தார். அச்சிட்ட படம் அல்ல, உண்மையான கறை! ஆனால் அந்த அழகான வடிவங்களுக்குப் பின்னால் பொருட்களுக்குள்ளேயே ஏதோ ஓர் உருவாக்கும் உந்துசக்தி இருப்பதாக அவர் நம்பினார். கையில் இருந்த சான்று சரி, சூட்டிய விளக்கம் தவறு. அழகான வடிவத்தைப் பார்த்ததும் மர்ம சக்தியைத் தேடும் பழக்கம் இன்னும் நம்மைவிட்டுப் போகவில்லை. குழந்தையின் 'மூளை சக்தியைத் திறந்துவிடும்' என்று பெட்டியில் எழுதி விற்கும் கைவினைப் பொருட்களைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது. காகிதமும் பேனாவும் தண்ணீரும் அப்படி எதையும் வாக்குத் தருவதில்லை.

இதை ஒரு முறையான கருவியாக்கியவர் ரஷ்யத் தாவரவியலாளர் மிகயீல் ஸ்வெட். 1903-ல் வார்சாவில் அவர் விளக்கிய முறையில், இலைச்சாற்றைப் பொடி நிரப்பிய கண்ணாடிக் குழாயில் ஊற்றி நிறமிகளைப் பட்டை பட்டையாகப் பிரித்தார். வண்ணப்பிரிகை முறை என்று நாம் படிப்பது அதுதான். அன்றைய வேதியியலாளர்கள் பலர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1919-ல், 47 வயதில் ஸ்வெட் இறந்தார். 1931-ல் ஜெர்மனியின் ஹைடல்பெர்கில்தான் அந்த முறைக்கு மறுபடி உயிர் வந்தது. அப்புறம் 1941-ல் மார்ட்டின், சிஞ்ச் என்ற இரண்டு ஆங்கிலேய வேதியியலாளர்கள் புதுவகை வண்ணப்பிரிகையை உருவாக்கினார்கள், 1944-ல் அதைக் காகிதத்துக்குக் கொண்டுவந்தார்கள் மார்ட்டினும் அவருடைய சகாக்களும். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், கம்பளித் தொழிலுக்கான ஆராய்ச்சி நிலையத்தில் நடந்த வேலை இது. கம்பளிப் புரதத்தில் என்னென்ன அமினோ அமிலங்கள் இருக்கின்றன என்று பார்க்கப் போனவர்களில் மார்ட்டினும் சிஞ்சும் 1952-ல் நோபல் பரிசு வாங்கினார்கள். இன்சுலினின் அமைப்பை உயிர்வேதியியலாளர் சாங்கர் கண்டறிந்ததிலும் காகித வண்ணப்பிரிகைக்குப் பங்குண்டு. ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால் "இதனால் என்ன பயன், எப்போது வரும்?" என்று முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்கிறவர்கள் இந்த வரிசையை ஒருமுறை பார்க்கவேண்டும். இலைச்சாறு, கம்பளி, இன்சுலின். இதை 1903-ல் எந்த விண்ணப்பத்தில் எழுதியிருக்க முடியும்?

ஸ்வெட் செய்ததை வீட்டிலும் ஓரளவு செய்யலாம், பெரியவர் கையால். பச்சை இலையைக் கிழித்து, மூழ்கும் அளவு மருந்துக்கடை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஊற்றி, மூடி, அந்தக் கிண்ணத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காரவைக்க வேண்டும். அது தீப்பிடிக்கும் திரவம். அடுப்போ விளக்கோ பக்கத்தில் கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும், குழந்தை வேடிக்கை மட்டும் பார்க்கட்டும். சாறு பச்சையானதும் காகிதப் பட்டையின் நுனியை அதில் நனைத்து நிறுத்தினால், பச்சையோடு ஒரு மஞ்சளும் தலைகாட்டும். ஆய்வகக் கரைப்பான்களில் வருவதுபோல் கூர்மையாகப் பிரியாது. இலை பச்சையாக இருக்கும்போதே அதற்குள் மஞ்சள் நிறமிகள் இருக்கின்றன என்பதைக் காண அது போதும். குளிர்காலத்துக்கு முன் இலையுதிர்க்கும் மரங்கள் முதலில் பச்சையத்தைச் சிதைத்து, இலைப் புரதங்களில் உள்ள நைட்ரஜனைக் கிளைக்குள் இழுத்துக்கொள்கின்றன. பச்சை விலகியதும் மஞ்சள் தெரிகிறது. சிவப்பு மட்டும் வேறு ரகம். பல மரங்களில் ஆந்தோசயனின் என்ற அந்த நிறமி, உதிரும் பருவத்தில் புதிதாகத் தயாரிக்கப்படுகிறது. சில வாரத்தில் தூக்கி எறியப்போகும் இலைக்கு மரம் ஏன் இந்தச் செலவைச் செய்கிறது என்று தாவரவியலாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

வாசகருக்கு ஒரு சின்னக் கூடுதல் வேலை. சாதாரணத் தண்ணீரில் இரண்டு நிறங்கள் ஒட்டிக்கொண்டே ஓடினால், தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைக் கரைத்து அதே பேனாவை மறுபடி ஓடவிடுங்கள். உப்பு கரைந்த தண்ணீரில் பல சாயங்களுக்கு இடம் நெருக்கடியாகிவிடும். நாரில் நிற்கும் நேரம் கூடும், ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் கூடாது. சதுரக் காகிதமாக இருந்தால், மூலையில் ஒரு புள்ளி வைத்து முதலில் வெறும் தண்ணீரில் ஏற்றி, காயவைத்து, காகிதத்தைப் பக்கவாட்டில் திருப்பி உப்புத் தண்ணீரில் நிறுத்துங்கள். ஒரே கோட்டில் நின்ற நிறங்கள் இப்போது குறுக்கே விலகக்கூடும். இரண்டு திசையில் இரண்டு கரைப்பான் என்ற இந்த உத்தியோடு கதிரியக்கக் கார்பனையும் சேர்த்துத்தான், இலைக்குள் கார்பன் டை ஆக்ஸைடு சர்க்கரையாக மாறும் பாதையை அமெரிக்க வேதியியலாளர் கால்வினின் குழு வரைந்தெடுத்தது. அதற்கு 1961-ல் நோபல் பரிசு. உங்கள் பேனாவில் எந்த நிறம் எந்தப் பக்கம் போகும் என்பது அதைத் தயாரித்தவர் போட்ட சாயத்தைப் பொறுத்தது, முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஓடவிடுவதற்கு முன் உங்கள் மகளை ஒரு பந்தயம் கட்டச் சொல்லுங்கள்.