ஒரே ஸ்கேனில் மூன்று நியூக்ளியஸ்

லத்தீனில் நியூக்ளியஸ் என்றால் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு. எதற்குள்ளாவது ஒரு உருண்டை தென்பட்டால் போதும், அறிவியலாளர்கள் இந்தப் பெயரை வைத்துவிடுவார்கள். 1831-இல் ராபர்ட் பிரௌன் ஆர்க்கிட் செடியின் செல்களில் கண்ட புள்ளிக்கு அதைச் சூட்டினார். அணுவின் நடுவில் கனமான ஒன்று இருப்பதாக ரூதர்ஃபோர்டு 1911-இல் சொன்னார். அடுத்த ஆண்டு அதுவும் நியூக்ளியஸ் ஆனது. வால்நட்சத்திரத்தின் திடமான உள்பகுதிக்கும் இதே பெயர்தான். மூளையில் நரம்பு செல்கள் கூட்டமாக இருக்கும் இடங்களும் நியூக்ளியஸ்தான், அவை நடுவில் இல்லாவிட்டாலும்! தமிழில் நல்லவேளையாக அணுக்கரு, உட்கரு என்று பிரித்துக்கொண்டோம்.

இவற்றில் சில முதுகுவலிக்காக எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் சந்தித்துக்கொள்கின்றன.

முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள டிஸ்கைத்தான் பேச்சுவழக்கில் ஜவ்வு என்கிறோம். வெளியே உறுதியான நார் வளையங்கள். நடுவே ஜெல்லி போன்ற நியூக்ளியஸ் பல்போசஸ். இளம் வயதில் இந்த ஜெல்லியில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். நாள் முழுக்க உடல் எடை அழுத்துவதால் கொஞ்சம் தண்ணீர் வெளியேறும், இரவு படுத்ததும் திரும்ப ஊறும். காலையில் நாம் சற்று உயரமாக இருப்பது இதனால்தான். ஜெல்லிக்குள் ஆங்காங்கே சில செல்கள் உண்டு, அவை ஒவ்வொன்றிலும் ஓர் உட்கரு. ஆக, நியூக்ளியஸுக்குள் நியூக்ளியஸ்.

மூன்றாவது, தண்ணீரில் உள்ள ஹைட்ரஜனின் அணுக்கரு, அதாவது ஒரே ஒரு புரோட்டான். அது குட்டிக் காந்தம் மாதிரி நடந்துகொள்ளும். ஸ்கேன் இயந்திரத்தின் வலுவான காந்தப்புலத்தில், அதன் திசையை ஒட்டி நிற்கும் புரோட்டான்கள் எண்ணிக்கையில் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். 1.5 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) இயந்திரத்தில் சுமார் 64 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையைச் செலுத்தினால் அந்த ஒழுங்கு சாய்கிறது. அலையை நிறுத்தியதும் புரோட்டான்கள் பழைய நிலைக்குத் திரும்பும்; அப்போது அவற்றிடமிருந்து வரும் மெல்லிய ரேடியோ சமிக்ஞையை வைத்துத்தான் கணினி படம் வரைகிறது. தண்ணீர் மிகுந்த இடத்தில் இந்தச் சமிக்ஞை மெதுவாகத்தான் மங்கும். அதற்கேற்ப எடுக்கும் டி2 வகைப் படத்தில் நல்ல டிஸ்கின் நடுப்பகுதி வெளிச்சமாகவும், நீர் வற்றிய டிஸ்க் கருப்பாகவும் தெரியும்.

இந்த முறையின் பழைய பெயர் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு. ஆங்கிலத்தில் 'நியூக்ளியர்' என்ற சொல் அணுகுண்டையும் கதிர்வீச்சையும் நினைவூட்டியதால், 1980-களில் மருத்துவமனைகள் அதை வெட்டிவிட்டன. உண்மையில் இதில் எந்த அணுக்கருவும் பிளப்பதில்லை, எக்ஸ்ரேயும் இல்லை.

சரி, ரிப்போர்ட்டில் டிஸ்க் 'டெசிக்கேஷன்' என்று இருந்தால்? ஜெல்லியில் நீர் குறைந்திருக்கிறது என்று பொருள். வயது ஏற ஏற, வலியே இல்லாதவர்களிடமும் இது சகஜம். அதனால் அந்த ஒரு வரியை மட்டும் வைத்து மருத்துவர்கள் முடிவெடுப்பதில்லை. காலில் மரத்துப்போதல், பலம் குறைதல் உண்டா என்றும் பார்ப்பார்கள்.