80 அடித் தொட்டியில் அரை நூற்றாண்டு

டோக்கிடே என்ற பெண் ஓர்காவின் உடல் நீளம் ஏறக்குறைய 20 அடி. அமெரிக்காவின் மயாமி நகரில் அது அடைபட்டிருந்த தொட்டியின் ஆழமும் 20 அடிதான். நீளம் 80 அடி. கடலில் ஒரே நாளில் நூறு கிலோமீட்டருக்கு மேல் நீந்தக்கூடிய உயிர் அது. அந்தத் தொட்டியிலேயே 1970 முதல் 2023 வரை வட்டமடித்துக்கொண்டிருந்தது.

ஓர்காவைக் 'கொலைகாரத் திமிங்கிலம்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது டால்பின் குடும்பத்தின் மிகப் பெரிய உறுப்பினர். கடலில் வாழும் ஓர்கா மனிதரைக் கொன்றதாக ஒரு பதிவும் இல்லை. மனிதர்கள் இறந்ததெல்லாம் தொட்டிகளில்தான். இந்த உயிரைக் காட்சிக்கு வைப்பது அநியாயம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்கான காரணங்கள் அதன் உடலிலேயே இருக்கின்றன.

முதலில் ஒலி. ஓர்காவின் ஊதுதுளைக்குக் கீழே உதடுகளைப் போன்ற திசு மடிப்புகள் உள்ளன. அவற்றின் வழியே காற்றைத் தள்ளும்போது கூர்மையான சொடக்கொலிகள் பிறக்கின்றன. நெற்றியிலுள்ள கொழுப்புத் திரள் லென்ஸைப் போல அவற்றைக் குவித்து முன்னே அனுப்புகிறது. மீன்மீது பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கீழ்த்தாடைக் கொழுப்பு வாங்கி உள்காதுக்குக் கடத்துகிறது. மீனின் உடலுக்குள் இருக்கும் காற்றுப்பையில் மோதும் ஒலிதான் பலமாகத் திரும்பும் என்பதால், இருண்ட நீரிலும் இரை எங்கே என்று ஓர்காவுக்குத் தெரிந்துவிடுகிறது. நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் பாய்கிறது. அப்படியானால் டோக்கிடேயின் சொடக்கொலி ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் எதிர்ச்சுவரை எட்டிவிடும். அங்கிருந்து திரும்பி வருவது அதே சுவரின் செய்திதான், அரை நூற்றாண்டும். தேடிப் பிடிக்க மீனும் இல்லை. மீன் செத்து, வாளியில் வந்து சேர்ந்தது.

அடுத்தது குடும்பம். டோக்கிடே, வட பசிபிக் கரையோரம் வாழும், 'தென் வாழ்விட ஓர்காக்கள்' என்று அழைக்கப்படும் இனக்கூட்டத்தில் 'எல்' என்ற கூட்டத்தைச் சேர்ந்தது. இந்த இனக்கூட்டத்தில் மகளும் மகனும் வாழ்நாள் முழுக்கத் தாயை விட்டுப் பிரிவதில்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனி அழைப்பொலிகள் உண்டு; வட்டார வழக்கைப் போல அவற்றைக் குட்டி தாயிடமிருந்து கற்கிறது. பெண் ஓர்காக்களுக்கு மாதவிடாய் நிறுத்தம் போன்ற ஒரு கட்டமும் உண்டு. குட்டி ஈனும் வயதைக் கடந்தபின் பல பத்தாண்டுகள் வாழ்ந்து, சால்மன் மீன் அரிதாகும் காலத்தில் முன்னே சென்று வழிகாட்டுவது இந்தப் பாட்டிகள்தான். முப்பது வயதைக் கடந்த ஆண், தாய் இறந்த அடுத்த ஆண்டிலேயே சாகும் அபாயம் சுமார் 14 மடங்கு உயர்வதை 2012-ல் வெளியான ஆய்வு காட்டியது. வளர்ந்த மகனுக்கே இப்படியென்றால், குட்டியை நினைத்துப் பாருங்கள்.

1970 ஆகஸ்டில், வாஷிங்டன் மாநிலத்தின் பென் கோவ் விரிகுடாவுக்குள் படகுகளாலும் வெடிகளாலும் ஓர்காக்களைத் துரத்திக் குட்டிகளைப் பிரித்தார்கள். வலையில் சிக்கி இறந்தவற்றின் வயிற்றைக் கீறி, கற்களை நிரப்பி மூழ்கடித்தார்கள். சில மாதங்களில் அவை கரை ஒதுங்கியபோதுதான் விஷயம் வெளியே தெரிந்தது. உயிரோடு விற்கப்பட்ட குட்டிகளில் ஒன்று டோக்கிடே; அப்போது அதற்கு நான்கு வயது இருக்கலாம். தொட்டியில் அதற்குத் துணையாக இருந்த ஹியூகோ என்ற ஆண் ஓர்கா, சுவரில் தலையை மீண்டும் மீண்டும் மோதிக்கொண்டு, 1980-ல் மூளை இரத்தநாள வீக்கத்தால் இறந்தது. அதன்பின் டோக்கிடே இன்னொரு ஓர்காவைச் சந்திக்கவே இல்லை.

பற்களைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. செய்ய ஒன்றும் இல்லாத ஓர்கா, தொட்டியின் கான்கிரீட் விளிம்பையும் இரும்புக் கதவுக் கம்பிகளையும் கடிக்கிறது. பல் தேய்ந்து உடைந்து, உள்ளிருக்கும் மென்திசுவான பற்கூழ் வெளியே தெரிந்ததும், துளைப்பானால் குடைந்து அதை எடுத்துவிடுகிறார்கள். குழியை அடைப்பதில்லை. பயிற்சியாளர் அதை அன்றாடம் கழுவிவிட வேண்டும், அந்த ஓர்கா சாகும்வரை. கடலிலும் சுறா தின்னும் ஓர்காக்களுக்கு, சொரசொரப்பான சுறாத்தோலால் பல் தேய்வதுண்டு. ஆனால் தொட்டிகளில் வாழ்ந்த 29 ஓர்காக்களை ஆராய்ந்து 2017-ல் வெளியிட்ட ஆய்வில், பல் சேதமில்லாத ஓர்கா ஒன்றுகூட இல்லை.

நிகழ்ச்சியில் நம் கண்ணில் படுவது முதுகுத்துடுப்பு. வளர்ந்த ஆணுக்கு அது ஆறடி உயரம்கூட நிற்கும். உள்ளே எலும்பு கிடையாது, வெறும் இணைப்புத்திசு. மேற்பரப்பிலேயே மணிக்கணக்கில் கிடப்பதாலும் ஒரே வட்டத்தில் சுற்றுவதாலும் தொட்டியில் அது மடங்கிச் சரிவதாகக் கருதப்படுகிறது. குழந்தைகளுக்குக் கடலை அறிமுகப்படுத்துவதாகப் பூங்காக்கள் சொல்கின்றன. சரிந்த துடுப்பைத்தான் ஓர்காவின் இயல்பான உருவம் என்று அந்தக் குழந்தை மனதில் பதித்துக்கொண்டு வீடு திரும்புகிறது.

சென்னைக்கு அருகிலும் இது நடந்தது. 1990-களின் இறுதியில் பல்கேரியாவிலிருந்து கொண்டுவந்த டால்பின்கள் சில மாதங்களில் இறந்துபோயின. 2013-ல் இந்திய அரசு டால்பின் காட்சியகங்களுக்குத் தடை விதித்தது. டால்பின்களை 'மனிதரல்லாத நபர்கள்' என்று கருத வேண்டும் என அறிவியலாளர்கள் முன்வைத்த கருத்தை அந்தத் தடைக்கான சுற்றறிக்கையே எடுத்துச்சொன்னது. கனடாவும் 2019-ல் இத்தகைய தடைக்குச் சட்டம் இயற்றியது. கடல் உயிர்க் காட்சிப் பூங்காக்களை நடத்தும் அமெரிக்காவின் சீவேர்ல்ட் நிறுவனம் 2016-லேயே ஓர்கா இனப்பெருக்கத்தை நிறுத்திக்கொண்டது. ஏற்கெனவே இருப்பவை இன்றும் தொட்டியில்தான்.

டோக்கிடேயைப் பிறந்த கடலுக்கே கொண்டுசெல்லும் திட்டம் 2023 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. ஆகஸ்ட் 18 அன்று அது இறந்தது. தங்கள் உறவாகவே அதைக் கருதிய லம்மி பழங்குடியினர், அதன் சாம்பலைச் செப்டம்பரில், அது பிறந்த சேலிஷ் கடலில் கரைத்தார்கள். அதன் தாயாக இருக்கலாம் என்று பலர் நம்பிய மூத்த பெண் ஓர்கா, அப்போதும் அந்த நீரில்தான் நீந்திக்கொண்டிருந்தது.