கொம்போஸ் என்பதற்குத் தமிழில் என்ன?

மலேசியாவின் கெடா மாநிலத்தில் எங்கள் பீடோங் வட்டாரத்தில், தோட்டத்து லயங்களை விட்டுத் தாமான் எனும் குடியிருப்பு வீடுகளுக்கு வந்தவர்களிடம் ‘கொம்போஸ்’ என்றால் புரியும். சமையல் கழிவும் சருகும் மண்போல் ஆகிக் கிடைக்கும் உரத்துக்கு, ஆங்கிலத்தின் கம்போஸ்ட்டுக்கு, அது மலாய் வழக்கு. தமிழில் என்ன என்று கேட்டால் ‘பாஜா’ என்பார்கள். பாஜாவும் மலாய்தான். செம்பனைக்கு மூட்டை மூட்டையாக வரும் ரசாயன உரமும் பாஜா, மாட்டுச் சாணமும் பாஜா. வாழைப்பழத் தோல் மண்ணாகும் அந்த மாற்றத்தை இந்தச் சொல் காட்டுவதில்லை.

கம்போஸ்ட் என்ற ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்தது. சேர்த்து வைத்தல் என்பது அதன் வேர்ப்பொருள். பழங்களைப் பாகில் வேகவைத்துச் செய்யும் கொம்போட்டும் அதே வேர்தான். நம் ‘குப்பை’யும் முதலில் குவியலைக் குறித்த சொல். சிவகங்கை மாவட்டத்தில் நெற்குப்பை என்று ஓர் ஊரே இருக்கிறது. நெல் குவியல் என்ற பொருள் அந்தப் பெயரில் இன்னும் நிற்கிறது. நிலத்துக்குக் குப்பை அடிப்பது என்று உழவர்கள் சொன்னது எருவைத்தான். வேண்டாததை வீசுவது என்ற பொருள் பிறகுதான் மேலோங்கியது.

‘எரு’வும் பழைய சொல். ‘ஏரினும் நன்றால் எருவிடுதல்’ என்கிறது குறள் (1038). உழுவதைவிட எரு இடுவது மேல் என்று பொருள். ஆனால் எரு என்றதும் சாணம்தான் முதலில் நினைவுக்கு வரும். தொழுவத்திலிருந்து வருவது தொழுவுரம். இலங்கைத் தமிழர் ‘கூட்டெரு’ என்கிறார்கள். அழகான சொல், லத்தீன் வேரோடும் ஒத்துப்போகிறது. இருந்தாலும் நான் தேர்ந்தெடுப்பது ‘மட்கு’. அதற்குக் காரணம் ஒரு வாளி.

வீட்டுக்குப் பின்னால் ஓட்டை போட்ட வாளியில் தேங்காய்ச் சக்கை, மிஞ்சிய சோறு, கீரைத் தண்டு எல்லாம் போட்டு மூடி வைத்தேன். ஒரே வாரத்தில் நாற்றம் தாங்கவில்லை, புழு நெளிந்தது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிக் காலம் கழித்த பக்கத்து வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, “அது அழுகுது தம்பி, மக்கல. காஞ்ச இலையப் போட்டுக் கிளறி விடு” என்றார்.

பாட்டி சொன்ன அந்த வேறுபாடுதான் முழு அறிவியலும். காற்றில்லாமல் ஈரத்தில் கிடந்தால் அழுகும், நாறும். காற்றும் அளவான ஈரமும் காய்ந்த சருகும் சேர்ந்தால் நுண்ணுயிர்கள் தின்று சூடேற்றி மட்க வைக்கும். கரிமம் (கார்பன்) 25 முதல் 30 பங்கு, தழைச்சத்து (நைட்ரஜன்) 1 பங்கு என்ற விகிதம் அவற்றுக்கு நல்லது. சருகில் கரிமம் அதிகம், சமையல் கழிவில் தழைச்சத்து அதிகம். ஆண்டுத் தொடக்கத்தில் ரப்பர் மரம் இலை கொட்டும்போது ஒரு சாக்கில் அள்ளி வைத்தால் பல மாதத்துக்குக் காணும். மழையில் நனையாமல் மூடி வைக்க வேண்டும். இறைச்சி, மீன் வேண்டாம், எலி வரும். நன்றாக மட்கியது கறுத்து, உதிர்ந்து, மழை பெய்த மண்போல் மணக்கும்.

மட்குதல்தான் எழுத்து வழக்கு. பேச்சில் வெட்கம் ‘வெக்கம்’ ஆவதுபோல் அது ‘மக்குதல்’ ஆகிறது. மழுங்குதல், ஒளி குறைதல் என்ற பொருள்களும் அதற்கு உண்டு. தமிழ்நாட்டு ஊராட்சிகளும் நகராட்சிகளும் ‘மக்கும் குப்பை, மக்காத குப்பை’ என்று இந்த வினையைத் தெருவுக்குத் தெரு கொண்டு போயிருக்கின்றன. வெறும் ‘மட்கு’ பாடநூல்களில் மண்ணில் கலந்திருக்கும் கறுத்த மட்கிய பொருளான ஹியூமஸையும் குறிப்பதால், பொருளைச் சொல்ல மட்குரம், செய்வதைச் சொல்ல மட்க வைத்தல், வாளிக்கு மட்குத் தொட்டி என்று எழுதலாம். பேச்சில் மக்கு உரம் என்றால் போதும்.

இங்கே பலர் செய்யும் பொகாஷியை மட்குரம் என்று சொல்வதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். அது காற்றுப் புகாத வாளியில் புளிக்க வைப்பது. பிறகு மண்ணில் புதைத்தால்தான் மட்கும்.

கெடாவில் 2015 முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரிக்கச் சொல்கிறார்கள். மறுசுழற்சிப் பொருளுக்கு வாரம் ஒரு நாள், மற்றதுக்கு இரண்டு நாள். சோறும் காய்த்தோலும் அந்த ‘மற்றது’க்குள் போய், குப்பை மேட்டில் காற்றில்லாமல் அழுகி மீத்தேன் வாயுவாகின்றன. பாட்டி வீட்டுக் கழிவோ இப்போது என் தொட்டிக்கு வருகிறது. காலையில் வேலிக்கு மேலே பையை நீட்டி, “மக்குறதுக்கு” என்று ஒரு சொல்தான் சொல்வார்.