விண்கலத் தண்ணீரில் வெள்ளி எங்கே போகிறது?

"சர்வதேச விண்வெளி நிலையத்தில் ரஷ்யத் தண்ணீரையும் அமெரிக்கத் தண்ணீரையும் கலக்கக் கூடாதாமே, ஏன்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

கிருமிகளை ஒடுக்க அமெரிக்கப் பகுதியில் அயோடின் சேர்க்கிறார்கள், ரஷ்யப் பகுதியில் வெள்ளி அயனி, அதாவது ஓர் எலக்ட்ரானை இழந்த வெள்ளி அணு. இரண்டும் சந்தித்தால் வெள்ளி அயோடைடாகி வீழ்படிந்துவிடும். பிறகு இரண்டாலும் பயனில்லை. ரஷ்யாவின் பழைய விண்வெளி நிலையமான மிருக்கு அமெரிக்க விண்ணோடங்கள் தண்ணீர் கொண்டுபோன காலத்திலேயே, அயோடினை நீக்கி வெள்ளியைச் சேர்த்துத்தான் கொடுத்தார்கள்.

அயோடின் தைராய்டைப் பாதிக்கும் என்பதால் குடிப்பதற்கு முன் அதை வடிகட்டியாக வேண்டும். வெள்ளிக்கு அந்த வேலை இல்லை. ஆயிரம் நாள் குடித்தாலும் பாதுகாப்பானது என்று நாசா வகுத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.4 மில்லிகிராம். தயாரிப்பதும் சுலபம்: வெள்ளி மின்வாய்களுக்கு இடையே ஒரு மில்லியாம்பியர் மின்னோட்டத்தை ஒரு மணி நேரம் செலுத்தினால் சுமார் 4 மில்லிகிராம் வெள்ளி கரையும். பத்து லிட்டருக்கு அது போதும்! செவ்வாய்ப் பயணத்தைத் திட்டமிடுபவர்களின் கண் வெள்ளி மேல் விழுந்ததில் வியப்பில்லை.

கந்தகத்தின் மேல் வெள்ளிக்கு இருக்கும் ஈர்ப்புதான் கிருமியைக் கொல்கிறது. கொலுசு கறுத்துப் போவதும் அதே ஈர்ப்பால்தான். பாக்டீரியாவின் நொதிகள் பலவற்றில் கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த முனைகள் உண்டு. வெள்ளி அயனி அங்கே ஒட்டிக்கொண்டதும் நொதி முடங்கும், ஆற்றல் தரும் சுவாசச் சங்கிலி அறுபடும். கொன்ற பிறகும் அந்த வெள்ளி தீர்ந்துவிடுவதில்லை. வெள்ளியால் செத்த பாக்டீரியாக்களை உயிருள்ளவற்றோடு சேர்த்தபோது அவையும் செத்தன என்று 2015இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். பிணத்துக்குள் தேங்கிய வெள்ளி மெல்லக் கசிந்து அடுத்ததைத் தாக்குகிறது.

இதைப் படித்துவிட்டு 'வெள்ளித் தண்ணீர்' வாங்கிக் குடிக்க யாரும் கிளம்பிவிடாதீர்கள். தண்ணீரில் கிருமி வளராமல் காப்பது வேறு, உடம்புக்குள் நோயைக் குணமாக்குவது வேறு. கூழ்ம வெள்ளியை, அதாவது நுண்ணிய வெள்ளித் துகள்கள் மிதக்கும் நீரை, மருந்தாக விற்பவர்களிடம் ஆதாரம் கிடையாது. தொடர்ந்து குடித்தவர்களின் தோல் நீலச் சாம்பல் நிறமாகி, அப்படியே நிலைத்துவிட்டதுண்டு.

உண்மையான சிக்கல் தொட்டியின் சுவரில் இருக்கிறது. பள்ளி ஆய்வகத்தில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் செம்புக் கம்பியை நட்டு வைத்தது நினைவிருக்கும். கொஞ்ச நேரத்தில் கம்பி முழுக்க வெள்ளி முட்கள் பூத்துவிடும். எலக்ட்ரானைப் பறிப்பதில் வெள்ளி அயனி அவ்வளவு தீவிரமானது. விண்கலத்தின் எஃகுக் குழாயிலும் டைட்டானியத் தொட்டியிலும் இதேதான் ஓசையின்றி நடக்கிறது. சுவரைத் தொடும் அயனி உலோகத்திலிருந்து ஓர் எலக்ட்ரானை வாங்கி, வெறும் வெள்ளி அணுவாகி அங்கேயே படிந்துவிடுகிறது. 0.4 மில்லிகிராமில் தொடங்கிய தண்ணீர் நாளடைவில் காவல் இல்லாத தண்ணீராகிவிடும். குழாய் ஒல்லியாக ஆக ஆக, உள்ளிருக்கும் ஒவ்வொரு சொட்டுக்கும் கிடைக்கும் சுவர்ப்பரப்பு கூடும்; இழப்பும் விரையும். பெரிய தொட்டியில் தப்பிக்கும் வெள்ளி, மனிதர் வாய் வைக்கும் முனைக்கு அருகிலுள்ள மெல்லிய குழாயில் காணாமல் போகும்.

சுவரை ஆக்சைடு படலத்தால் மூடிப் பார்க்கிறார்கள். இழப்பு குறைகிறது, நிற்கவில்லை. தொடக்கத்திலேயே அதிகம் சேர்க்கலாமென்றால் குடிப்பவரின் வரம்பு தடுக்கிறது. மெதுவாக வெள்ளியை விடுவிக்கும் பொருள்களையும் சோதிக்கிறார்கள். ஒரு குழாயின் உட்சுவரை மாதக்கணக்காக அளந்துகொண்டிருக்கும் இத்தகைய ஆய்வுக்கு, ராக்கெட்டுக்குக் கொட்டும் பணத்தில் ஒரு துளியாவது தயங்காமல் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தண்ணீர் கெட்டுப்போனால் எந்த ராக்கெட்டும் உதவாது.

என் கணிப்பில், தண்ணீர் ஓடுகிற வழியிலேயே வெள்ளியை அளந்து, குறைந்ததை மின்வாயால் நிரப்பிக்கொள்ளும் அமைப்புதான் வெல்லும். நிலவைச் சுற்றும் நிலையமோ செவ்வாய்க் கலமோ மாதக்கணக்கில் ஆளில்லாமல் கிடக்கும்போது, தேங்கிய தண்ணீரைக் கவனிக்க அங்கே வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.