திருவான்மியூரில் ஏறிய ஒரு நினைப்பு

காலை எட்டரை மணி. திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையம். எதிர் பிளாட்ஃபாரத்தில் கல்லூரித் தோழி நிற்பதைப் பார்த்து ஒரு பெண் கையசைக்கிறாள். தோழி திரும்பவே இல்லை. அவளுடைய ரயில் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

'பார்த்தும் பார்க்காத மாதிரி போறா.' இது முதல் நினைப்பு. கோட்டூர்புரம் தாண்டும்போது 'நான் என்ன தப்பு பண்ணேன்?' மயிலாப்பூரில் 'என்கிட்டதான் ஏதோ கோளாறு, அதான் யாரும் ஒட்ட மாட்டேங்கிறாங்க.' சேப்பாக்கத்தில் இறங்கும்போது 'கடைசி வரைக்கும் இப்படித்தான்.' நடந்தது என்னவோ ஒரு கையசைப்பு.

அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் இதைத்தான் கவனித்தார். மனச்சோர்வோடு வந்தவர்கள் பேசப் பேச, அந்தப் பேச்சுக்கு அடியில் கூப்பிடாமலே வந்துபோகும் நினைப்புகள் ஓடுவது அவருக்குப் புலப்பட்டது. நான் சரியில்லை, உலகம் எனக்குச் சாதகமாக இல்லை, இனியும் மாறாது: பெரும்பாலும் இந்த மூன்றில்தான் அவை போய் முடிந்தன. மூன்றும் நம் ரயிலில் ஏறியிருக்கின்றன.

ஒரு நினைப்பு நோயாக வளர்வதற்கு நினைவும் துணை போகிறது. மனம் வாடியிருக்கும்போது, அந்த வாட்டத்துக்குத் தோதான பழைய சம்பவங்களே முதலில் மேலே வரும். அதே தோழி போன மாதம் ஃபோனில் அரைமணி நேரம் பேசியது ஞாபகம் வராது. தன் கல்யாணத்துக்கு இவளைக் கூப்பிட மறந்தது வரும். அதனால் வாட்டம் கூடும். கூடிய வாட்டம் இன்னொன்றைத் தோண்டும். தூக்கம் கெடும். வெளியே போகப் பிடிக்காது. போகாததால் யாரையும் பார்ப்பதில்லை, யாரும் பேசுவதுமில்லை. 'யாருக்கும் நான் வேண்டாம்' என்பதற்கு இப்போது சாட்சியும் கிடைத்துவிட்டது.

மயிலாப்பூர் சந்துகளில் மத்தியான வெயிலுக்கு ஒதுங்கிப் படுத்திருக்கும் மாட்டைப் பார்த்திருப்பீர்கள். தின்றதைத் திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து மெல்லும். உளவியலில் இந்தச் சுழலுக்குப் பெயரும் அசைபோடுதல்தான். 'ருமினேஷன்' (rumination) என்ற ஆங்கிலச் சொல்கூட மாட்டிடமிருந்து வந்ததே. மாட்டுக்கு அது செரித்துவிடுகிறது. நமக்கோ, 'ஏன் எனக்கு மட்டும்?' என்று நூறு முறை மென்றாலும் பதில் வராது. ஆனால் மெல்லும் நேரமெல்லாம் பிரச்சினையைத் தீர்த்துக்கொண்டிருப்பதாகவே தோன்றும். இதன் ஆபத்து முழுக்க அங்கேதான் என்பேன்.

1989-இல் கலிஃபோர்னியாவில் நிலநடுக்கம் வந்தது. அதற்குச் சில நாட்கள் முன்புதான் உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்சிமா தன் பல்கலைக்கழக மாணவர்களிடம், மனம் வாடினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டு வைத்திருந்தார். முன்பே அசைபோடும் பழக்கம் உள்ளவர்களிடம்தான் நிலநடுக்கம் முடிந்து 7 வாரம் கழித்தும் சோர்வு அதிகமாக இருந்தது.

இதைப் படித்துவிட்டு யாரிடமும் போய் 'நெகட்டிவா யோசிக்காதே' என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று 1987-இல் உளவியலாளர் டேனியல் வெக்னர் சிலரிடம் சொன்னார். கரடி திரும்பத் திரும்ப வந்தது. அதோடு, மனச்சோர்வுக்கு நினைப்பு மட்டுமே காரணமில்லை. பரம்பரை, இழப்பு, கடன், தைராய்டு என்று வேர்கள் பல. சோர்வில் இருப்பவர் தானே இழுத்துவிட்டுக்கொண்டது என்று பேசுவது அநியாயம்.

பெக் வழி வந்த சிகிச்சையில் நினைப்பை யாரும் விரட்டுவதில்லை, விசாரிக்கிறார்கள். நோட்டில் எழுதச் சொல்வார்கள்: என்ன நடந்தது, என்ன தோன்றியது, அதை எவ்வளவு நம்புகிறேன். 'பார்த்தும் பார்க்காத மாதிரி போறா': 90 சதவீதம். அவள் முகம் எந்தப் பக்கம் இருந்தது? ரயில் வரும் பக்கம். காதில் ஏதாவது? இயர்ஃபோன். இப்போது எவ்வளவு? 40. பூஜ்யம் ஆக வேண்டியதில்லை. அவளுக்கு ஒரு ஃபோன் போட 40 போதும்.

வாட்டம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். அல்லது 14416-ஐக் கூப்பிடுங்கள்: டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். இலவசம்தான், தமிழிலேயே பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், இப்போதே கூப்பிடுங்கள்.