யூரியா மூட்டைக்குள்ள போற கார்பன் டை ஆக்சைடு

45 கிலோ யூரியா மூட்டை ஒண்ணு தயாராக கிட்டத்தட்ட 33 கிலோ கார்பன் டை ஆக்சைடு செலவாகுது. இது ஒண்ணும் புதுசு இல்ல, பாஷ், மைசர்னு ரெண்டு ஜெர்மன்காரங்க 1922லயே இந்த முறைய கொண்டு வந்துட்டாங்க. அமோனியாவோட கார்பன் டை ஆக்சைட சேர்த்து 180 டிகிரிக்கு மேல சூடாக்கி நல்லா அழுத்தினா முதல்ல அமோனியம் கார்பமேட் வரும், அதுலருந்து ஒரு தண்ணி மூலக்கூறு கழண்டுச்சுன்னா யூரியா. இதுக்கு வினையூக்கியே (கேட்டலிஸ்ட், அதாவது வினைய வேகப்படுத்தி விடுற பொருள்) தேவையில்ல! அதுக்கு முன்னாடி அமோனியா செய்யத்தான் இரும்பு கேட்டலிஸ்ட் வேணும்.

ஏன் இவ்ளோ சுலபமா சேருதுன்னா, கார்பன் டை ஆக்சைடுல ரெண்டு பக்கமும் ஆக்சிஜன் எலக்ட்ரான இழுத்து வச்சிருக்கிறதால நடுவுல இருக்குற கார்பனுக்கு எலக்ட்ரான் பத்தாக்குறை, அமோனியால இருக்குற நைட்ரஜன்கிட்ட ஒரு ஜோடி சும்மா கிடக்குது, அது நேரா வந்து ஒட்டிக்கும். கஷ்டம் எங்கன்னா, கார்பன்ல இருக்குற ஆக்சிஜன பிடுங்கிட்டு ஹைட்ரஜன வைக்கணும்னு சொல்லும்போதுதான்.

டைமெத்தில் ஃபார்மமைட எடுத்துக்குங்க. ரெக்சின், மருந்து ஃபேக்டரிலல்லாம் கரைப்பானா ஓடுற சரக்கு, வழக்கமா விஷவாயுவான கார்பன் மோனாக்சைட வச்சுத்தான் செய்வாங்க. 1994ல ஜப்பான்ல நொயோரி, ஜெஸ்ஸாப், இகாரியா டீம் கார்பன் டை ஆக்சைட வச்சே செஞ்சு காட்டினாங்க. 31 டிகிரிக்கு மேல 74 பார் அழுத்தத்த தாண்டினா இந்த வாயு திரவமும் இல்லாம வாயுவும் இல்லாம ஒரு நிலைக்கு வரும், அதுலயே ருத்தேனியம்ங்கிற உலோகம் உள்ள கேட்டலிஸ்ட்ட கரைச்சு விட்டாங்க, அதாவது கரைப்பானும் அதுவே மூலப்பொருளும் அதுவே. ருத்தேனியம் ஹைட்ரஜன உடைச்சு தன்மேல ஏத்திக்கும், அந்த ஹைட்ரஜன் கார்பனுக்கு தாவினதும் ஃபார்மிக் ஆசிட், அது அமோனியாவுக்கு சொந்தக்காரனான டைமெத்தில் அமீனோட சேர்ந்து தண்ணிய விட்டா வேலை முடிஞ்சுது. ஒரு கேட்டலிஸ்ட் மூலக்கூறு 3,70,000 தடவ வரைக்கும் இத செஞ்சிருக்கு. நொயோரிக்கு 2001ல நோபல் கிடைச்சது வேற வேலைக்கு, ஆனா என்னைக் கேட்டா இதுவும் சளைச்சதில்ல.

இதனால பூமி சூடு குறையும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. வயல்ல போட்ட யூரியாவ மண்ணுல இருக்குற யூரியேஸ் என்சைம் சில நாள்லயே உடைச்சிடும், கார்பன் டை ஆக்சைடு திரும்ப காத்துக்கே. விஷவாயுவ தவிர்க்கலாம்ங்கிறதுதான் நிஜ லாபம், அதுவும் ஹைட்ரஜன் எங்கருந்து வருதுங்கிறத பொறுத்தது.

ஹைட்ரஜன் வாயுவே வேண்டாம், கரண்ட்டும் தண்ணியும் போதும்னு இன்னொரு கூட்டம் இறங்கியிருக்கு. 2020ல சீனால பல்லேடியம்-காப்பர் கலவைல நைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் சாதாரண சூட்டுலயே சேர்த்து யூரியா எடுத்தாங்க, ஆனா குடுத்த எலக்ட்ரான்ல சுமார் 9 சதவீதம்தான் யூரியாவுக்கு போச்சு. நைட்ரஜன்ல இருக்குற மும்மைப் பிணைப்பு லேசுல உடையாது, அதுக்குள்ள எலக்ட்ரான் தண்ணிகிட்ட போய் ஹைட்ரஜனா குமிழி விட்டுடுது. அதனாலதான் இப்ப நிறைய பேர் நைட்ரஜன விட்டுட்டு கழிவுத் தண்ணில இருக்குற நைட்ரேட்ட பிடிச்சிருக்காங்க, அத உடைக்கிறது எவ்வளவோ தேவலாம்.