ஆம்போரா: 'மதுச்சாடி' என்று எழுதலாமா?

கிரேக்கப் பானைகளைப் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் ஆம்போரா என்ற சொல் வந்ததும் 'மதுச்சாடி' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு இது ஒப்பவில்லை. ஏனென்றால் அந்தச் சொல்லுக்குள் மது என்பதே கிடையாது.

மூலம் கிரேக்கம். முழு வடிவம் ஆம்ஃபிஃபொரேயுஸ். 'ஆம்ஃபி' என்றால் இருபுறமும், 'ஃபெரேய்ன்' என்றால் சுமப்பது. ஆக, இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்குவது. ஹோமரின் காவியங்களில் இந்த நீளமான வடிவம்தான் வருகிறது, அப்புறம் நடுவில் ஓர் அசை தேய்ந்து ஆம்ஃபொரேயுஸ் ஆனது, அதை லத்தீன்காரர்கள் வாங்கி ஆம்போரா ஆக்கினார்கள். லத்தீனில் சின்ன ஆம்போராவுக்கு ஆம்புல்லா என்று பெயர். ஆஸ்பத்திரியில் கழுத்தை உடைத்து ஊசியில் மருந்து ஏற்றுவார்களே, அந்த ஆம்பூல் இதன் பேத்திதான்.

பெயர் சொல்வது ஒன்றே ஒன்று: இரண்டு கைப்பிடி. உள்ளே என்ன இருந்தது என்று அது சொல்லவில்லை. இருந்ததும் பலவகை: மது, ஆலிவ் எண்ணெய், மீன் சாறு. கப்பலில் போனவை வண்ணம் எதுவும் இல்லாத, அடி கூம்பிய சாடிகள். சாய்த்து ஊற்றும்போது அந்தக் கூம்பே மூன்றாவது பிடியாக உதவும். ஓவியம் தீட்டிய சாடிகள் வேறு ரகம், அவற்றுக்குத் தட்டையான பாதம் உண்டு. அதிலும் கழுத்து தோளோடு சேரும் இடத்தில் மடிப்பு தெரிந்தால் ஒரு வகை, வாயிலிருந்து வயிறு வரை ஒரே வளைவாக இறங்கினால் இன்னொரு வகை.

ஏதென்ஸில் கிடைத்த திப்பிலோன் ஆம்போரா கி.மு. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஒன்றரை மீட்டருக்கும் மேல் உயரம். உடம்பு முழுக்கக் கோலம் போலக் கோடும் கட்டமும், கைப்பிடிகளுக்கு நடுவில் மட்டும் பிணத்தைக் கிடத்தித் தலையில் கைவைத்து அழும் கூட்டம். ஒரு பெண்ணின் கல்லறைக்கு அடையாளமாக நின்றது அது, அதைப் போய் மதுச்சாடி என்பதா?

சிவந்த மண்மேல் உருவங்களைக் கருப்பாகத் தீட்டும் கருப்புருவப் பாணி வந்ததும் ஆட்கள் பெரிதாகிவிடுகிறார்கள். அந்தக் கருப்பு சாயம் அல்ல, நன்றாக வடித்தெடுத்த களிமண் குழம்பு. சூளையில் முதலில் காற்று விட்டுச் சுட்டால் எல்லாம் சிவக்கும். காற்றை அடைத்துப் பச்சை விறகு போட்டால் எல்லாம் கருக்கும். மறுபடி காற்றைத் திறந்தால் வெறும் மண் சிவப்புக்குத் திரும்பிவிடும், குழம்பு பூசிய இடம் மட்டும் கண்ணாடிபோல் இறுகிப்போனதால் கருப்பாகவே நிற்கும். இந்தப் பாணியின் உச்சம் எக்ஸேகியாஸ் செய்து, அவரே தீட்டிய ஆம்போரா. இப்போது வாடிகனில் இருக்கிறது. டிராய்ப் போரின் வீரர்களான அகில்லெஸும் அயாஸும் ஈட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு காய் ஆடுகிறார்கள். மேலங்கியின் பூவேலை முழுவதும் முடி கனத்தில் கீறப்பட்டது. அகில்லெஸ் வாயருகே 'நான்கு', அயாஸ் வாயருகே 'மூன்று' என்று எழுத்து, ஆட்டத்தில் விழுந்த எண்கள். கி.மு. 530 வாக்கில் இதைத் தலைகீழாக்கி, பின்னணியைக் கருப்பாக்கி உருவத்தைச் சிவப்பாக விட்டார்கள். அது செவ்வுருவப் பாணி. அதற்குப் பிறகும் ஏதென்ஸ் விளையாட்டு விழாவின் பரிசு ஆம்போராக்களுக்குக் கருப்புருவம்தான், ஒரு பக்கம் அதீனா, மறுபக்கம் போட்டி. உள்ளே ஆலிவ் எண்ணெய்.

அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் வீலர் தோண்டியபோது கிடைத்த ஆம்போரா ஓடுகளில் மதுச்சாடிகள் அதிகம், உண்மைதான். ஆனால் அங்கேயும் எண்ணெய்ச் சாடியும் மீன்சாறுச் சாடியும் உண்டு. புறநானூற்றின் 'யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்' வரியிலிருந்து ஆம்போராவுக்கு 'நன்கலம்' என்ற சொல்லை எடுக்கலாம் என்று தோன்றும், ஆனால் கலம் என்பது பாத்திரமும் ஆகும், கப்பலும் ஆகும். குடம், தாழி என்பதும் பொருந்தாது, அவற்றுக்குக் கைப்பிடி இல்லை.

என் தேர்வு 'இருகாதுச் சாடி'. கோப்பையின் பிடியை நாம் காது என்கிறோம், கிரேக்கர்களும் அப்படித்தான் சொன்னார்கள். 1952இல் கிரேக்கத்தின் பீலோஸில் கிடைத்த ஒரு களிமண் பலகையில் பாத்திரப் படங்களும் பக்கத்திலேயே பெயர்களும் உண்டு: நான்கு பிடி உள்ளதற்கு 'நாற்காது', மூன்று உள்ளதற்கு 'முக்காது', பிடியே இல்லாததற்கு 'காதிலி' என்ற பொருளில். அந்தப் பலகையில் உள்ள லீனியர் பி என்ற பழங்கிரேக்க எழுத்தை ஆங்கிலேயர் வென்ட்ரிஸ் படித்தது சரிதான் என்று பலரை நம்பவைத்ததே அந்தப் பலகைதான்.

முதல் தடவை 'ஆம்போரா எனும் இருகாதுச் சாடி' என்று எழுதிவிட்டு, அப்புறம் இருகாதுச் சாடி என்றே தொடரலாம். மது இருந்தது உறுதி என்றால் மட்டும் 'மது இருகாதுச் சாடி' என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.